டேம்பர் புல்லியும் டைமிங் குறியும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கிராங்க் புல்லி, அதாவது என்ஜினின் கிராங்க் தண்டு முனையில் இருந்து பெல்ட்டைச் சுற்றும் சக்கரம் பற்றி நான்கு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் போடி, கம்பம், செங்கோட்டை, வாளையார், களியக்காவிளை என்று கேரள எல்லையை ஒட்டிய ஊர்களிலிருந்து வந்தவை. அதில் வியப்பில்லை. சமவெளியில் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி வரும் நேரம், கிராங்கின் சுற்றில் நான்கு டிகிரி தவறியிருந்தால் வண்டி எப்படியோ ஓடிவிடும். மலை ஏறும்போது ஓடாது. இந்த முறை பக்கம் முழுவதும் இந்த ஒரே பொருளுக்கு.

கேள்வி: என்னுடையது கார்பரேட்டர், டிஸ்டிரிபியூட்டர் (பிளக்குகளுக்குத் தீப்பொறியைப் பகிர்ந்து கொடுக்கும் கருவி) உள்ள பழைய பெட்ரோல் கார். சர்வீஸில் டைமிங் லைட் (தீப்பொறி வரும் கணத்தில் மின்னி, புல்லியின் குறி நிற்கும் இடத்தைக் காட்டும் விளக்கு) அடித்துப் பார்த்தவர், "குறி டாப்புக்கு (பிஸ்டன் உச்சியைத் தொடும் இடம்) முன்னால் 18 டிகிரி காட்டுது, ரொம்ப அட்வான்ஸ்" என்று சொல்லி, பானெட் ஸ்டிக்கரில் இருந்தபடி 8 டிகிரிக்குக் கொண்டுவந்தார். அதற்குப் பிறகு போடிமெட்டு ஏறும்போது பாதியிலேயே ஹீட் முள் மேலே போகிறது. இரண்டாவது கியரில் எடுத்த வளைவுக்கெல்லாம் இப்போது ஒன்றாவது கியர் போட வேண்டியிருக்கிறது. சர்வீஸுக்கு முன் இந்தத் தொல்லை இல்லை. — போடிநாயக்கனூர்

பதில்: சர்வீஸுக்கு முன் இல்லாத தொல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. உங்கள் வண்டியின் டைமிங் முதலில் சரியாகத்தான் இருந்திருக்கும். தவறு புல்லியில் உள்ள குறியில் இருக்க வேண்டும்.

புல்லியை ஒரே இரும்புத் துண்டு என்று நினைக்காதீர்கள். நடுவில் கிராங்கில் பூட்டுகிற ஹப், அதைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம், அதற்கும் வெளியே கனமான இரும்பு வளையம். பெல்ட் ஓடுவது வெளி வளையத்தில். டைமிங் குறி வெட்டியிருப்பதும் பெரும்பாலான வண்டிகளில் அதே வெளி வளையத்தில்தான். ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் இம்மியளவு முறுக்கிக்கொண்டு மறுபடி திரும்பும். அந்த முறுக்கலை அமர்த்தத்தான் ரப்பரும் கனமான வளையமும். அதனால்தான் கடைகளில் இதை டேம்பர் புல்லி என்றும் ஹார்மோனிக் பேலன்சர் என்றும் கேட்கிறார்கள். இருபது வருடச் சூடும், முன் சீலில் கசிந்த ஆயிலும் ரப்பரைக் கெடுத்தால் பிடி விட்டுப்போகும். ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் இழுக்கிற பெல்ட்டின் பாரம் வெளி வளையத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருப்பதால், வளையம் கிராங்க் சுற்றும் திசைக்கு எதிராக மெல்ல நழுவும். குறியும் அதோடு நழுவும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வளையம் 10 டிகிரி பின்தங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். தீப்பொறி உண்மையில் டாப்புக்கு 8 டிகிரி முன்னால் சரியாகத்தான் வருகிறது. ஆனால் குறி 10 டிகிரி பின்னால் இருப்பதால் லைட்டில் 18 என்று தெரியும். அதை நம்பி டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பி 8-க்குக் கொண்டுவந்தால், உண்மையான தீப்பொறி டாப்பைத் தாண்டி 2 டிகிரி கழித்து வரும். பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகு பற்றவைத்தால் அழுத்தம் வீணாகும், இழுவை போகும். எரிதல் தாமதமாகி, எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் வாயு கொதித்துக்கொண்டிருப்பதால் அந்தச் சூடு ஹெட்டுக்கும் ரேடியேட்டர் தண்ணீருக்கும் போகும். 17 கொண்டை ஊசி வளைவு உள்ள ஏற்றத்தில் இது உடனே முள்ளில் தெரிந்துவிடும்.

உடனடியாகச் செய்ய வேண்டியது, டிஸ்டிரிபியூட்டரைப் பழைய இடத்துக்கே திருப்புவது. கிராங்கில் 10 டிகிரி என்பது டிஸ்டிரிபியூட்டரில் 5 டிகிரிதான், ஏனென்றால் அது கிராங்கின் பாதி வேகத்தில் சுற்றுகிறது. 60 மி.மீ. விட்டமுள்ள டிஸ்டிரிபியூட்டர் உடலின் விளிம்பில் அது சுமார் 2.6 மி.மீ. நகர்வு. கிளாம்ப் இருந்த பழைய அழுக்குத் தடம் பெரும்பாலும் அப்படியே இருக்கும், அதைப் பார்த்து வையுங்கள். டிஸ்டிரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டரின் திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதாவது தீப்பொறி முந்தும்; அதே திசையில் திருப்பினால் ரிடார்ட், அதாவது பிந்தும்.

பிறகு புல்லியைச் சோதியுங்கள். முகப்பைத் துடைத்துவிட்டு, ஹப்பிலிருந்து ரப்பரைத் தாண்டி வெளி வளையம் வரை வெள்ளை பெயிண்டால் ஒரே நேர்க்கோடு இழுங்கள். ஒரு முறை மெட்டு ஏறி இறங்கி வந்து பாருங்கள். கோடு உடைந்திருந்தால் வளையம் இன்னும் நழுவுகிறது, புல்லியை மாற்றியே ஆக வேண்டும். உடையாவிட்டாலும் நிம்மதியடைய வேண்டாம். முன்பே நழுவி இப்போது ஒட்டிக்கொண்டு நிற்கலாம். உண்மையான டாப் எங்கே என்று கண்டுபிடித்துக் குறியோடு ஒப்பிட்டால்தான் முடிவு தெரியும். அடுத்த கேள்விக்கான பதில் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

கேள்வி: பிளக்கைக் கழற்றி ஸ்க்ரூ டிரைவரை விட்டு, அது எழும்பி நிற்கும் இடத்தை டாப் என்று வைத்துக்கொள்கிறோம். இது போதுமா? — கம்பம்

பதில்: டிஸ்டிரிபியூட்டரைக் கழற்றி மாட்டும்போது எந்தச் சிலிண்டர் மேலே இருக்கிறது என்று பார்க்க அது போதும். குறி சரியா என்று சோதிக்கப் போதாது. டாப்பை நெருங்கும்போது பிஸ்டன் ஏறக்குறைய அசையாமல் நிற்கும். 80 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள என்ஜினில் கிராங்க் டாப்பிலிருந்து 5 டிகிரி விலகினாலும் பிஸ்டன் இறங்குவது சுமார் 0.2 மி.மீ. மட்டும். ஸ்க்ரூ டிரைவரின் அசைவில் அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதோடு பிஸ்டனுக்கும் பிளக் ஓட்டைக்கும் நடுவில் அது சாய்ந்து மாட்டிக்கொண்டால் பிஸ்டன் தலையில் கோடு விழும்.

சரியான வழி பிஸ்டன் ஸ்டாப்பர், அதாவது பிளக் ஓட்டையில் முறுக்கி பிஸ்டனை வழியிலேயே தடுத்து நிறுத்தும் போல்ட். அதைப் பட்டறையிலேயே செய்துகொள்ளலாம். பழைய பிளக் ஒன்றின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே மரை வெட்டி, முனையை உருண்டையாக ராவிய போல்ட்டை முறுக்குங்கள். போல்ட்டில் லாக் நட் ஒன்று இருக்கட்டும். கார்களில் பரவலாக உள்ள பிளக் மரை 14 மி.மீ., 1.25 பிட்ச், உங்கள் பிளக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

பேட்டரி வயரைக் கழற்றுங்கள். எல்லா பிளக்கையும் எடுத்துவிடுங்கள், அப்போதுதான் கையால் என்ஜினைச் சுற்றும்போது கம்ப்ரஷன் தடுக்காது. ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டன் பாதி கீழே இருக்கும்போது ஸ்டாப்பரை முறுக்குங்கள். பிறகு கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். செல்ஃப் அடிக்கவே கூடாது. அடித்தால் பிஸ்டன் தலை ஓட்டையாகும். பிஸ்டன் ஸ்டாப்பரில் மெல்ல முட்டி நின்றதும், டைமிங் கவரில் உள்ள பூஜ்யத்துக்கு நேராகப் புல்லியில் ஒரு கோடு போடுங்கள். இப்போது எதிர்த்திசையில், மறுபடி முட்டும் வரை சுற்றுங்கள். பூஜ்யத்துக்கு நேராக இரண்டாவது கோடு. இரண்டு கோட்டுக்கும் இடையே உள்ள குறுகிய வில்லின் சரிநடுதான் உண்மையான டாப். விளிம்போடு ஒட்டி ஒரு டேப் சுற்றி அளந்தால் 58 மி.மீ. வருகிறது என்றால், 29-வது மி.மீ.யில் குறி. தொழிற்சாலைக் குறி அங்கேயே இருந்தால் புல்லி நழுவவில்லை.

விலகியிருந்தால் எத்தனை டிகிரி என்று கணக்கிட, புல்லியின் வெளிவிட்டத்தை 3.1416-ஆல் பெருக்கி 360-ஆல் வகுங்கள். வருவது ஒரு டிகிரிக்கான மி.மீ., விலகலை அதனால் வகுத்தால் டிகிரி. 150 மி.மீ. புல்லியில் ஒரு டிகிரி சுமார் 1.3 மி.மீ., 10 டிகிரி சுமார் 13 மி.மீ. டிகிரி அச்சிட்ட டேப்பைக் கடையில் வாங்கி ஒட்டுவதானால், உங்கள் புல்லியின் விட்டத்துக்கு உரியதுதானா என்று பாருங்கள். 160 மி.மீ. புல்லிக்கான டேப்பை 150-ல் ஒட்டினால் 30 டிகிரி என்று படிப்பது உண்மையில் 32.

ஒரு எச்சரிக்கை. பிளக் ஓட்டை பிஸ்டனுக்கு மேல் இல்லாமல் வால்வுக்கு மேல் இருக்கும் என்ஜின்களில் ஸ்டாப்பர் போய் வால்வில் முட்டும். அவற்றில் இதைச் செய்யாதீர்கள்.

கேள்வி: பாறசாலைப் பட்டறையில் "டாம்பர் போயி, மாத்தணும்" என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி பாக்ஸில் ஒன்று, வேறு மேக் ஒன்று, உடைத்த வண்டியில் எடுத்தது ஒன்று என மூன்று விலை சொல்கிறார்கள். மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கின்றன. எதை வாங்குவது? — களியக்காவிளை

பதில்: உடைத்த வண்டியில் எடுத்ததை விட்டுவிடுங்கள். அதன் ரப்பருக்கும் உங்கள் ரப்பருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், போல்ட்டைக் கழற்றி மாட்டுகிற கூலியை இரண்டாம் முறை கொடுக்க நேரும்.

மற்ற இரண்டில் எது என்பதைப் பாக்ஸைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். பழைய புல்லியைக் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். வண்டியின் மாடலைச் சொல்லிக் கேட்பதைவிட என்ஜின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள், ஒரே மாடலில் வருடத்துக்கு ஒரு விதமாகப் புல்லி மாறியிருக்கும். கவுன்டரில் இரண்டையும் பக்கத்தில் வைத்து, வெர்னியர் இருந்தால் அதைக் கொண்டு, இவற்றைச் சோதியுங்கள்.

முதலில் கீ வெட்டு (புல்லியைக் கிராங்கோடு பூட்டும் கீ உட்காரும் பள்ளம்), டைமிங் குறி இரண்டும். இதைத்தான் பெரும்பாலானோர் பார்ப்பதில்லை. இரண்டு புல்லியையும் கீ வெட்டு மேலே வரும்படி வைத்தால் குறி ஒரே கோணத்தில் இருக்க வேண்டும். உங்கள் பழைய புல்லி நழுவியிருக்குமே, அதோடு எப்படி ஒப்பிடுவது என்று கேட்கலாம். சரியான கேள்வி. புதியதை மாட்டியபின் ஸ்டாப்பர் வைத்து டாப்பைச் சோதிப்பதுதான் இதற்குக் கடைசி விடை. ஆனால் கடையிலேயே வித்தியாசம் 30, 40 டிகிரி என்று பெரிதாகத் தெரிந்தால், அது வேறு டைமிங் கவருக்கு உரிய புல்லி. குறிமுள் என்ஜினின் இடப்பக்கம் உள்ள மாடலும் வலப்பக்கம் உள்ள மாடலும் ஒரே பெயரில் விற்கப்படுவதுண்டு.

அடுத்து வெளிவிட்டம், மொத்த உயரம், பெல்ட் ஓடும் தடம் ஹப்பின் பின்முகத்திலிருந்து எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்பது. தடம் 2 மி.மீ. முன்பின் ஆனால் பெல்ட் சாய்ந்து ஓடி ஓரம் பிய்ந்துவிடும். வரிப் பெல்ட்டானால் வரிகளை எண்ணுங்கள். 4பிகே, 5பிகே, 6பிகே என்ற எண் வரிகளின் எண்ணிக்கையைச் சொல்வது. ஹப்பின் பின்பக்கக் கழுத்து, அதாவது ஆயில் சீலின் உதடு உரசும் இடம், பளபளப்பாக, கோடு கீறல் இல்லாமல் இருக்க வேண்டும். விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் தெரியும். புல்லியோடு சென்சார் பல் இருந்தால் பற்களையும், பல் விடுபட்ட இடம் கீ வெட்டிலிருந்து எங்கே வருகிறது என்பதையும் ஒப்பிடுங்கள்.

வளையத்தின் எடையும் முக்கியம். தராசில் வைத்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ரப்பரின் கடினமும் வளையத்தின் கனமும் சேர்ந்துதான் அந்த என்ஜினின் முறுக்கல் அதிர்வுக்குப் பொருந்தும்படி அமைக்கப்படுகின்றன. ரப்பர் தடமே இல்லாமல் ஒரே வார்ப்பில், வெளிப்பார்வைக்கு மட்டும் கோடு போட்டு விற்கும் புல்லியும் சந்தையில் உண்டு. வண்டி ஓடும், பெல்ட் சுற்றும், ஆனால் கிராங்கின் முறுக்கலை அமர்த்த எதுவும் இருக்காது. ரேஸுக்கு என்று விற்கும் எடை குறைந்த அலுமினியப் புல்லிக்கும் இதே பதில்தான்: கம்பெனி ரப்பர் வைத்திருந்த இடத்தில் அதைப் போடாதீர்கள்.

பழைய புல்லியின் உள்முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கூடுதல் இரும்புத் திட்டு இருந்தால், அது கிராங்கின் பேலன்ஸில் ஒரு பங்கு. புதியதிலும் அதே இடத்தில், அதே அளவில் இருக்க வேண்டும். நம் ஊர்க் கார்களில் இது அரிது. அமெரிக்க வி-8 என்ஜின்களில் பெரிய விஷயம்: ஃபோர்டு 302 என்ஜினில் இந்தக் கூடுதல் எடையின் அளவு (எடையை மையத்திலிருந்து உள்ள தூரத்தால் பெருக்கியது) பழையவற்றுக்கு 28 அவுன்ஸ்-இஞ்ச், 1980-களின் தொடக்கத்துக்குப் பிறகு வந்தவற்றுக்கு 50 அவுன்ஸ்-இஞ்ச். மாற்றி மாட்டினால் என்ஜின் நடுங்கி பேரிங் போகும். பழைய அமெரிக்க வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கேட்காமல் வாங்கக் கூடாது.

கேள்வி: வெளி வளையத்தை ஹப்போடு நாலு இடத்தில் வெல்டிங் வைத்தால் நழுவாதே? — கூடலூர், தேனி மாவட்டம்

பதில்: நழுவாது, டேம்பராகவும் இருக்காது. வெல்டிங் சூட்டில் மிச்ச ரப்பரும் கருகும், புல்லி கோணும். முறுக்கல் முழுவதையும் கிராங்கும் டைமிங் கியரும் கீயும் வாங்கிக்கொள்ளும். புதுப் புல்லியின் விலை கிராங்கின் விலையில் ஒரு சிறு பங்கு. ரப்பரை மட்டும் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னாலும் வேண்டாம், என்ன கடினத்தில் ரப்பர் என்று கட்டுபவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

கேள்வி: சாரல் தொடங்கியதும் முன்பக்கம் கிறீச் என்று சத்தம். சில நாள் காய்ந்த பிறகும் டக் டக் என்று வேறொரு சத்தம் வருகிறது. டேம்பரா, பெல்ட்டா? — செங்கோட்டை

பதில்: இரண்டு சத்தம் என்று பிரித்துச் சொன்னது நல்லது. மழையில் மட்டும் கிறீச்சிட்டு, காய்ந்ததும் நிற்பது பெல்ட். இழுப்பைச் சரிபார்த்து, வெடிப்பு இருந்தால் மாற்றுங்கள். காய்ந்த பிறகும் வரும் டக் டக்தான் கவலைக்குரியது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு, குளிர்ந்த என்ஜினை அரை நிமிடம் மட்டும் ஓட்டிக் கேளுங்கள். பெல்ட் இல்லாமல் வாட்டர் பம்ப் சுற்றாது என்பதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் அப்படியே இருந்தால் என்ஜினை அணைத்துவிட்டு வெளி வளையத்தை இரு கையாலும் பிடித்து முன்பின் ஆட்டுங்கள். ஹப் நிற்க வளையம் மட்டும் அசைந்தால் ரப்பர் பிரிந்துவிட்டது. ஹப்பும் சேர்ந்து ஆடினால் நடுப் போல்ட் தளர்ந்து கீ வெட்டு தேய்ந்திருக்கிறது. அது இன்னும் மோசம், வண்டியை எடுக்காதீர்கள்.

ஐட்லிங்கில் பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் தெரியும். நல்ல புல்லி அசையாத தட்டுப்போலச் சுற்றும். ரப்பர் போனது உள்ளே வெளியே என்று தள்ளாடும். ரப்பர் ஓரம் பிதுங்கி நிற்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

கேள்வி: டீசல் ஜீப்புக்கு டைமிங் லைட் போட முடியுமா? — குமுளி

பதில்: பெட்ரோல் லைட்டைப் போட முடியாது, பிளக் வயர் இல்லையே, கிளிப்பை எதில் மாட்டுவது? டீசலில் பார்க்க வேண்டியது பம்ப் டைமிங். மெக்கானிக்கல் பம்ப் என்றால் டயல் கேஜ் வைத்து, என்ஜின் நிற்கும்போதே பிடிப்பார்கள். அதைப் பம்ப் பட்டறையில் விடுங்கள். ஆனால் டேம்பர் விஷயத்தில் டீசலுக்குத்தான் கூடுதல் கவனம் வேண்டும், வெடிப்பின் அடி பெட்ரோலைவிடக் கனம்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஹரிகேன் என்ஜின் போட்ட பழைய பெட்ரோல் ஜீப். இதன் புல்லியில் ரப்பரே காணோம். யாரோ மாற்றிவிட்டார்களா? — வண்டிப்பெரியாறு

பதில்: இல்லை, அதன் புல்லி ஒரே துண்டுதான். நான்கு சிலிண்டரின் குட்டையான கிராங்க், வேகமும் குறைவு. ரப்பர் இல்லாமலே சமாளித்தார்கள். உங்களுக்குக் குறி நழுவும் கவலை இல்லை. ஆனால் கீ தேய்ந்தால் புல்லியே ஆடும், அதை மட்டும் பாருங்கள்.

அந்த என்ஜினுக்கு டைமிங் டாப்புக்கு முன் 5 டிகிரி, ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை) 1-3-4-2, பாயிண்ட் (டிஸ்டிரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனை) இடைவெளி 0.020 அங்குலம் அதாவது சுமார் 0.5 மி.மீ., பிளக் இடைவெளி 0.030 அங்குலம். குறி புல்லியில் இல்லாவிட்டால் ஃப்ளைவீலில் தேடுங்கள், பெல் ஹவுசிங்கில் சிறு மூடி இருக்கும். உங்கள் ஜீப்பில் மட்டுமல்ல, ஃப்ளைவீலில் குறி உள்ள எந்த வண்டியிலும் அது கிராங்கோடு நேராகப் போல்ட் செய்யப்பட்டது என்பதால் அந்தக் குறி நழுவாது. ரப்பர் புல்லி உள்ள வண்டியில் இரண்டு இடத்திலும் குறி இருந்தால் ஃப்ளைவீலை நம்புங்கள்.

பாயிண்ட் உள்ள வண்டிகளில் வரிசை முக்கியம். முதலில் ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து பாயிண்ட் இடைவெளி, பிறகுதான் டைமிங். இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறந்து டைமிங் அட்வான்ஸ் ஆகும், குறைந்தால் ரிடார்ட். டைமிங் பிடித்துவிட்டு அப்புறம் பாயிண்டைத் தொட்டால் செய்த வேலை வீண். பாயிண்டின் ஃபைபர் குதிகால் தேயத் தேய இடைவெளி தானாகக் குறையும். யாரும் தொடாமலே ஜீப் மெல்ல மெல்ல இழுவை இழக்க அதுவே காரணம்.

லைட் அடிக்கும்போது என்ஜின் சூடாகியிருக்க வேண்டும், ஐட்லிங் சொன்ன அளவில் இருக்க வேண்டும். வாக்குவம் அட்வான்ஸ் (என்ஜினின் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முந்தவைக்கும் அமைப்பு) உள்ள வண்டியானால் அதன் டியூபைக் கழற்றி, என்ஜின் பக்க முனையை அடைத்துவிடுங்கள். கிளிப்பை ஒன்றாம் சிலிண்டர் வயரில் மட்டும் மாட்டுங்கள், பக்கத்து வயர்கள் தொடாமல் தள்ளி இருக்கட்டும். குறியைச் சுண்ணாம்பால் வெள்ளையாக்கினால் பகலிலும் தெரியும். டிஸ்டிரிபியூட்டர் போல்ட்டை இறுக்கியபின் இன்னொரு முறை பாருங்கள், இறுக்கும்போது ஒன்றிரண்டு டிகிரி நகர்ந்துவிடுவது வழக்கம். கடைசியாக ஆக்ஸிலேட்டரை மெதுவாகக் கொடுங்கள். குறி ஒரே சீராக அட்வான்ஸ் பக்கம் போய், விட்டதும் அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். தாவினாலோ திரும்பாமல் நின்றாலோ டிஸ்டிரிபியூட்டருக்குள் உள்ள எடைகளும் ஸ்பிரிங்கும் ஒட்டியிருக்கின்றன. அதைச் சரிசெய்யாமல் ஐட்லிங் டைமிங்கை மட்டும் பிடித்தால், ஏற்றத்தில் இழுவை இருக்காது அல்லது நாக்கிங் வரும்.

கேள்வி: ஆறு சிலிண்டர் லாரி. முன்னால் உள்ள டேம்பர் நன்றாகத்தான் இருக்கிறது, மாற்றச் சொல்கிறார்கள். எதைப் பார்த்து முடிவு செய்வது? — வாளையார்

பதில்: ஆறு சிலிண்டருக்கு நீண்ட கிராங்க், எனவே முறுக்கலும் கூட. டேம்பரை அலட்சியம் செய்த லாரியில் கிராங்கே முறியக்கூடும். இதில் இரண்டு வகை. ரப்பர் வகையில் ஹப்பிலும் வளையத்திலும் நேர்க்கோடாக ஒரு குறி வைத்திருப்பார்கள். கம்மின்ஸ் 6பிடி என்ஜினுக்குச் சொல்லப்படும் வரம்பு: இரண்டு கோடும் 1.59 மி.மீ.க்கு மேல் விலகினால் மாற்ற வேண்டும். ரப்பர் இரும்பின் மட்டத்திலிருந்து 3.18 மி.மீ.க்கு மேல் உள்வாங்கியிருந்தாலோ துண்டு பெயர்ந்திருந்தாலோ மாற்ற வேண்டும்.

இன்னொன்று மூடிய டப்பா மாதிரி இருக்கும் விஸ்கஸ் வகை. உள்ளே கெட்டியான சிலிக்கான் திரவத்தில் கனமான வளையம் மிதக்கிறது. இதில் ரப்பர் இல்லை. பார்க்க வேண்டியது நசுங்கல், வீக்கம், கசிவு. உள்ளே இடைவெளி மிகக் குறைவு என்பதால் சுத்தியல் பட்ட ஒரு சிறு பள்ளமே வளையத்தை உள்ளே பூட்டிவிடும். அதன்மேல் ஜாக்கி லிவரை ஊன்றுவது, கயிறு கட்டி இழுப்பது எதையும் அனுமதிக்காதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் என்ஜினை முழு ஓவர்ஹால் செய்யும்போது இதைப் புதியதாகப் போடுவதே சரி.

கேள்வி: புல்லியை மூன்று கால் புல்லர் போட்டு இழுத்தபோது வெளி வளையம் மட்டும் கையோடு வந்துவிட்டது. புதியதைச் சுத்தியலால் அடித்து மாட்டினோம். இப்போது முன் சீலில் ஆயில் கசிகிறது. — கோபாலபுரம், பொள்ளாச்சி வட்டம்

பதில்: புல்லரின் கால்கள் வெளி வளையத்தைப் பிடித்தால் இப்படித்தான் ஆகும், எல்லா இழுப்பும் ரப்பர் வழியாகப் போகிறது. ஹப்பில் மரையுள்ள ஓட்டைகள் இருக்கும். அவற்றில் போல்ட் போட்டு இழுக்கும் தட்டைப் புல்லர்தான் இதற்கு உரியது. கிராங்க் முனையின் மரை கெடாமல் இருக்க நடுவில் ஒரு தடித்த வாஷரோ பழைய போல்ட்டோ வைத்துத் தள்ள வேண்டும். நடுப் போல்ட்டைக் கழற்ற ஸ்பானரைச் சேஸியில் முட்டவைத்துச் செல்ஃப் அடிக்கும் வழக்கமும் வேண்டாம். ஃப்ளைவீல் பல்லைப் பூட்டுங்கள், அல்லது இம்பாக்ட் கன் பயன்படுத்துங்கள்.

சுத்தியல் அடி இரண்டு இடத்தில் கெடுதல் செய்திருக்கும். ஒன்று, புதுப் புல்லியின் ரப்பர் ஒட்டு. இரண்டு, கிராங்கின் முன்பின் அசைவைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங். கிளட்ச் மிதிக்கும்போது புல்லி முன்னால் துள்ளுகிறதா என்று பாருங்கள். துள்ளினால் டயல் கேஜ் வைத்து அசைவை அளந்து, கம்பெனி வரம்போடு ஒப்பிட வேண்டும். புல்லியிலும் முன்பு சொன்ன நேர்க்கோட்டை இழுத்து ஒரு வாரம் கவனியுங்கள்.

கசிவுக்கு வருவோம். சீல் உரசும் கழுத்தில் ஆயில் தடவாமல் ஏற்றினால் ரப்பர் உதடு உள்ளே மடங்கிக்கொள்ளும். அந்த உதட்டின் பின்னால் உள்ள சிறு ஸ்பிரிங்கும் கழன்றுவிடும். புது சீலாக இருந்தாலும் கசியும். அப்படியானால் சீலை இன்னொரு முறை மாற்றுவதைத் தவிர வழியில்லை. பழைய ஹப்பையே திரும்பப் போடுகிறவர்கள் கழுத்தில் நகம் மாட்டுகிற அளவு தடம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அதன்மேல் ஏற்றும் மெல்லிய ஸ்டீல் ஸ்லீவ் கிடைக்கிறது; தடிமன் கால் மில்லிமீட்டரை ஒட்டியதுதான், அதே அளவு சீலே பொருந்தும்.

மாட்டும்போது கழுத்தில் என்ஜின் ஆயில் தடவி, கீயை வெட்டில் நேராக்கி, இழுத்து ஏற்றும் கருவியால் ஏற்றுங்கள். கருவி இல்லாமல் நடுப் போல்ட்டையே வைத்து இழுப்பவர்கள் உண்டு. இறுக்கமாக ஏறும் ஹப்பில் போல்ட் இரண்டு மூன்று மரை மட்டுமே பிடித்திருக்கும்போது பாரம் கொடுத்தால் கிராங்கின் மரை உரிந்துவிடும். கையால் சறுக்கி உட்காரும் வகை ஹப்புக்கு இந்த ஆபத்து இல்லை. இறுதி இறுக்கத்தைக் கணக்கில்லாமல் பைப் போட்டு இறுக்காமல் டார்க் ரெஞ்சால் செய்யுங்கள். அளவு வண்டிக்கு வண்டி வெகுவாக மாறும், மேனுவலில் உள்ளதே சரி. நீளும் வகை போல்ட் என்று மேனுவல் சொன்னால் பழையதைத் திரும்பப் போடக் கூடாது.

கேள்வி: எம்.பி.எஃப்.ஐ. வண்டி (கார்பரேட்டர் இல்லாமல், கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோல் பீய்ச்சும் வகை). டைமிங் லைட்டில் குறி ஒரு இடத்தில் நிற்காமல் ஆடுகிறது. டேம்பர் போய்விட்டதா? — மறையூர்

பதில்: அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. இந்த வண்டிகளில் ஐட்லிங்கைச் சீராக வைக்க ஈ.சி.எம். (என்ஜினின் கம்ப்யூட்டர்) தானே டைமிங்கைச் சில டிகிரி முன்பின் மாற்றிக்கொண்டே இருக்கும். சில மாடல்களில் டெஸ்ட் முனையை எர்த் செய்தால் டைமிங் ஒரே இடத்தில் நிற்கும், அப்போதுதான் லைட்டில் பார்க்க வேண்டும். மற்றவற்றில் ஸ்கேனர் சொல்வதே கணக்கு.

உங்கள் வண்டியில் கிராங்க் சென்சார் எதைப் பார்த்துப் படிக்கிறது என்று பாருங்கள். பல் சக்கரம் ஹப்போடு அல்லது கிராங்கோடு சேர்ந்திருந்தால், ரப்பர் நழுவினாலும் தீப்பொறி மாறாது. பற்கள் வெளி வளையத்திலேயே வெட்டப்பட்டிருந்தால் கதை வேறு. வளையம் நழுவும்போது ஈ.சி.எம். பிஸ்டன் இருக்கும் இடத்தைத் தவறாகப் படித்து, தீப்பொறியை அத்தனை டிகிரி தாமதமாகக் கொடுக்கும். ஸ்கேனரில் எல்லாம் சரி என்றே காட்டும், ஏனென்றால் ஸ்கேனருக்கும் அதே சென்சார்தான் ஆதாரம். கேம் சென்சாரும் கிராங்க் சென்சாரும் பொருந்தவில்லை என்று எரர் வந்தால், டைமிங் பெல்ட்டைப் பிரிப்பதற்கு முன் புல்லியில் பெயிண்ட் கோடு இழுத்துப் பார்த்துவிடுங்கள். பெல்ட் கவரைக் கழற்ற அரை நாள், கோடு இழுக்க இரண்டு நிமிடம்.